வில்லை எண் 57

பெருமாள்மலையில் மழை நாலாம் நாள்.
காயப்போட்ட கிண்ணங்கள்
வைத்த அன்றைக்கு இருந்ததைவிட ஈரம்.
வேறு வேலையில்லை,
சாம்பல் சலிக்கிறேன்.

வாட்டில் மரத்துச் சாம்பல்.
புல்வெளிக்கு ஆகாதென்று வெட்டிப்போட்ட மரம்
பண்ணைக்காட்டு டீக்கடை அடுப்பில் ஒரு மாதம் எரிந்து
எனக்கு இரண்டு டின் ஆனது.
முதல் தடவை கையுறை இல்லாமல் கழுவினேன்.
விரல்நுனி வழுவழுத்தது, மறுநாள் தோல் உரிந்தது.
எரிந்து முடிந்த பிறகும்
மரத்துக்குக் காரம் போவதில்லை.

பூம்பாறையிலிருந்து குழந்தைவேல் மன்னாடி
பூண்டுத்தாள் அனுப்பினார், பஸ் கூரையில் ஆறு மூட்டை.
எரித்தால் ஒன்றரை உழக்கு.
"இவ்வளவுதானா?" என்று போனில் கேட்டார்,
மீதியை நான் எடுத்து ஒளித்தது போல.

தாண்டிக்குடி காப்பித்தொலி.
ஊத்துப் பக்கம் ரோட்டில் சரிந்த செம்மண்.
பேக்கரி ஜெசிந்தா சேர்த்துவைக்கும் முட்டையோடு.
ஃபெல்ட்ஸ்பார் மட்டும் கரூரிலிருந்து லாரியில்.
சூளைக்கு சிலிண்டரும் கீழேயிருந்துதான் ஏறி வருகிறது.
"எல்லாமே இந்த மலையா?" என்று
கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்பார்கள்.
முக்கால்வாசி, என்பேன்.
பாதி என்பதுதான் சரி.

நோட்டில்:
எண் 52. சாம்பல் ஐம்பது, மண் முப்பது, ஃபெல்ட்ஸ்பார் இருபது.
சாம்பல் உருகு என்னும்.
மண் நில் என்னும்.
ஆயிரத்து இருநூற்று எண்பது டிகிரியில்
இரண்டும் பேசி முடித்துக்கொள்ளும்.
52-இல் மண் பேச்சு எடுபடவில்லை.
வழிந்து தட்டோடு ஒட்டியதை உளி வைத்துப் பெயர்த்தேன்.
53, மரவட்டை முதுகு.
54, ஆறின காப்பியின் ஆடை.
55 பற்றி எழுத ஒன்றுமில்லை.
56 பூண்டு.
கீழ்விளிம்பில் கிளேஸ் தடித்துத் தேங்கிய இடத்தில்
பால் கலந்த நீலம்,
ஒரு கடுகளவு.
அதைத் திரும்பப் பார்க்க
மன்னாடியிடம் இன்னும் ஆறு மூட்டை கேட்கவேண்டும்.

57-ஐ
சவரிமுத்து டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான்.
ஏரியில் தூர் வாரிய வண்டல், மூன்று சாக்கு.
"சும்மா கிடக்குதுக்கா. வெண்ணெ மாதிரி."
வெண்ணெய்தான்.
நெரித்துப் பார்த்தேன், ஒரு மணல்கூடத் தட்டவில்லை.
சுட்டால் தேன்நிறம் வரும் என்று
சுடுமுன்பே கண்ணுக்குள் வந்துவிட்டது.

வில்லையில் எண்ணைக் கீறிவிட்டேன்.
தூரிகையை நனைத்தும் விட்டேன்.
அப்புறம்தான் அந்த ஆலை.
காய்ச்சல் பார்க்கும் குழல் செய்த ஆலை,
மூடி எத்தனையோ வருடமான ஆலை.

இதில் பாதரசம் இருக்கிறதா?
தெரியாது.
சவரிமுத்துவுக்கும் தெரியாது.
மதுரை ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வார்களாம்,
இரண்டு சிலிண்டர் காசு.

ஈயமென்றால் கிண்ணத்தில் தங்கும்,
கிண்ணத்தை உடைத்துவிடலாம்.
பாதரசம் தங்காது.
சூளை பாதிகூடச் சுடுமுன்பே எழுந்து
புகைபோக்கி வழியே
யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.
வில்லை நன்றாகத்தான் இருக்கும்.
தேன்நிறம். சுத்தம்.
தைரியமாக டீ ஊற்றிக் குடிக்கலாம்.

வெளியே மழை.
மேலே போனதையெல்லாம்
இந்த ஊருக்கே திருப்பித் தருகிற மழை.

தூரிகையைக் கழுவப் போனவள்
கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று
வாளியோடு கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு போன் போட்டேன்.
"மீதி லோடெல்லாம் எங்கே, சவரி?"
"கேரட் தோட்டத்துக்குத்தான்கா. ஏன்?"

இந்த மாதம் சூளை எரியாது.
நாளைக் காலை மதுரை பஸ்ஸில்
ஒரு ஜாம் பாட்டில் வண்டல் போகிறது.
மூடிமேல் 57 என்று எழுதி ஒட்டினேன்.
மழை ஈரத்தில் பசை பிடிக்கவில்லை,
நூல் போட்டுக் கட்டினேன்.